வடக்குப் பக்கத்துக் கண்ணாடி

பல்லிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. கூட வேலை பார்ப்பவர்களுக்கும், தெருமுனைக் கடைக்காரருக்கும், கோபம் வந்துவிட்டால் மனைவிக்கும்கூட அவன் பல்லிதான். பதினான்கு மாடிச் சுவரில் பத்தொன்பது வருடமாக ஒட்டிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

பூங்காவை ஒட்டி நின்ற அந்த அலுவலகக் கட்டடத்துக்கு நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு பக்கத்தை உச்சியிலிருந்து தரைவரை துடைத்து முடிக்க மூன்று வாரம் ஆகும். நாலு பக்கமும் முடித்துவிட்டு நிமிர்ந்தால் முதல் பக்கம் மறுபடி அழுக்காகிக் காத்திருக்கும். ஆகவே வருடம் முழுக்க அவனுக்கு அங்கேதான் பிழைப்பு. இடுப்பில் பட்டை, இரண்டு கயிறு, உட்காரத் தொங்கு பலகை, இடது பக்கம் சோப்புத் தண்ணீர் வாளி, வலது கையில் ரப்பர் வைத்த வைப்பர். மேலே மொட்டைமாடியில் கயிறுகளைப் பார்த்துக்கொள்ள ரேடியோ என்றொரு ஆள். ரேடியோவுக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அவன் வாயை மூடியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

வேலையில் பல்லிக்குக் கர்வம் உண்டு. "நான் துடைச்ச இடத்துல கையை வெச்சுப் பாத்தாத்தான் கண்ணாடி இருக்குன்னே தெரியணும்" என்பான். ஒருமுறை ஆறாவது மாடியில் ஒரு அலுவலர், ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்து, ஆறிப்போன காப்பியை வெளியே வீசப்போய்த் தன் சட்டை முழுக்க ஊற்றிக்கொண்டார். அந்தக் கதையைப் பல்லி எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போதெல்லாம் காப்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டே வந்தது.

அவன் மனைவிக்கு ஒரு பைண்டிங் கூடத்தில் வேலை. அச்சான தாள்களை மடித்து, வரிசை பார்த்து, ஊசி கோத்துத் தைத்து, அட்டை ஒட்டுவது. ஒருநாள் நடுவில் பதினாறு பக்கம் தலைகீழாகத் தைக்கப்பட்டுவிட்ட புத்தகம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைக்கு அனுப்ப முடியாது, கிழித்துப்போட அவளுக்கு மனம் வரவில்லை. முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பானியக் கவிஞர்கள் எழுதிய ஹைக்கூக் கவிதைகளின் மொழிபெயர்ப்பு அது. பக்கத்துக்கு ஒரு கவிதை; கவிதைக்கு மூன்றே வரி; மீதியெல்லாம் வெற்றுத் தாள்.

"மூணு வரி எழுத ஒரு ஆளு, அதை நம்ம மொழிக்குக் கொண்டுவர ஒரு ஆளு, அச்சடிக்க ஒரு மெஷினு, தைக்க நானு. எழுதினவரு இன்னும் நாலு வரி சேத்து எழுதியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பாரு?" என்றாள்.

பல்லி புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவின் பேச்சிலிருந்து தப்பிக்க ஏதாவது ஒன்று கையில் இருப்பது நல்லது. மறுநாள் புத்தகத்தை எடுத்துப்போனான். முதல் கவிதையைப் படித்ததும் பக்கத்தைத் திருப்பி மிச்சம் எங்கே என்று தேடினான். மிச்சம் இல்லை. ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது. முன்னுரைக்குப் போனான். மொழிபெயர்த்தவர் அதில் சில விதிகளைச் சொல்லியிருந்தார். கவிதைக்குள் பருவகாலத்தைக் காட்டுகிற ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். கண் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஆகா என்றோ ஐயோ என்றோ கூவக் கூடாது. சொன்னதும் நிறுத்திவிட வேண்டும்.

"நம்ம ரேடியோவுக்கு இந்த விதியைச் சொல்லணும்" என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். ஆனாலும் தினம் ஒன்று படித்தான். நடுப் பதினாறு பக்கத்துக்கு வந்தபோது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தான். ரேடியோ அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கேலி செய்தான்.

அந்தக் கவிஞர்கள் பெரிய விஷயம் எதையும் சொல்லவில்லை. ஓலைக் கூரையில் மழை, சேற்றில் ஒரு நண்டு, பனியில் யாரோ நடந்த தடம். இவ்வளவுதான். ஆனால் படித்துவிட்டுக் கயிற்றில் இறங்கும்போது பல்லிக்குக் கண்ணில் ஏதோ ஒரு மாற்றம். பன்னிரண்டாம் மாடியில் சிமெண்டு வெடிப்பு ஒன்றில் ஒரு செடி வளர்ந்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக வெள்ளைப் பூ, அதன்மேல் ஒரு எறும்பு. அந்த இடத்தை எழுபது எண்பது முறையாவது கடந்திருப்பான். எப்போது வந்தது இது? தரையிலிருந்து இவ்வளவு உயரத்துக்கு எறும்பு எப்படி ஏறியது? வாளியைப் பிடித்தபடி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னாச்சு? கயிறு சிக்கிக்கிச்சா?" என்று மேலிருந்து வாக்கி-டாக்கியில் ரேடியோ கத்தினான்.

"ஒண்ணுமில்ல. ஒரு பூ."

"என்ன பூ?"

"பூதான்டா. சும்மா இரு."

அன்று வேலைத்தாளின் பின்பக்கம் எழுதினான்:

வெயில் மாதம்.
பன்னிரண்டாம் மாடி வெடிப்பில்
ஒரு பூ, ஒரு எறும்பு.

எழுதியதைப் பார்த்து அவனுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. மழை தரைக்கு வருவதற்கு முன்னால் பதினாலாம் மாடிக்கு வருகிறது என்பதை அப்போதுதான் கவனித்தான். ஈரக் கண்ணாடியில் மேகம் போவதும், காய்ந்த கண்ணாடியில் போவதும் ஒன்றல்ல. மூன்றாம் மாடிக் குழாயில் கூடு கட்டிய குளவி, நீல உடையைக் கண்டால் விலகிப்போகும், மஞ்சள் உடையைக் கண்டால் சுற்றிச் சுற்றி வரும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினான். மேலே தேதி, எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி. கீழே மூன்று வரி. தேதியும் மாடியும் கவிதை விதியில் இல்லை. வேலைத்தாள் நிரப்பி நிரப்பி வந்த பழக்கம்.

மழைக்காலம் முடிந்த முதல் வாரம். வடக்குப் பக்கம், ஐந்தாவது மாடி. அந்தப் பக்கம்தான் பூங்காவைப் பார்த்தது. மரங்கள் முழுக்க அந்தக் கண்ணாடிக்குள் இன்னொரு முறை நின்றன. சோப்பு பூசும் குச்சத்தை வாளியில் தோய்த்துக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடியில் ஒரு பறவை இருந்தது. பறவை இல்லை, பறவையின் தடம். விரித்த இரண்டு சிறகு, ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, மாவைத் தொட்டு அழுத்தியதுபோல, இறகிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூளில் பதிந்திருந்தது. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அலகு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கீறல். குனிந்து பார்த்தான். சாண் அகல விளிம்பில் அது கிடந்தது. தொண்டையில் பொத்தான் அளவு மஞ்சள். கண் மூடவில்லை.

பல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்த பறவையைப் பார்த்ததால் இல்லை. செத்த பறவைகளை எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். விளிம்பில் கிடந்தால் எடுத்துக் குப்பைப் பையில் போடுவான், அடுத்த கண்ணாடிக்குப் போவான். அவனை உலுக்கியது அந்தத் தடம். அந்த வெள்ளைத் தூளைப் பத்தொன்பது வருடமாக அவன் துடைத்திருக்கிறான். தூசி என்று நினைத்து, சோப்புத் தண்ணீர் அடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. எத்தனை சிறகுகளை இப்படி இழுத்துத் துடைத்திருப்பான்? ஒன்றுகூட நினைவில் இல்லை. பார்த்திருந்தால்தானே நினைவில் இருப்பதற்கு.

மழை விட்ட காலை.
கண்ணாடியில் இரண்டு சிறகு,
நடுவில் பறவை இல்லை.

அந்தக் கண்ணாடியை அன்று துடைக்காமல் தாண்டி இறங்கினான். அதற்கப்புறம் விளிம்பில் கண்ட ஒவ்வொரு பறவைக்கும் மூன்று வரி எழுதினான். பெயர் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதினான். வால் நீளம் எவ்வளவு, கால் எந்த நிறம், அலகு நேராக இருந்ததா வளைந்திருந்ததா. ஒன்றுக்கு அலகில் ஒரு விதை விழுங்கப்படாமல் இருந்தது, அதையும் எழுதினான். புத்தகத்தின் விதிப்படி ஒரு இடத்திலும் ஐயோ என்று எழுதவில்லை. எழுதாத ஐயோவெல்லாம் எங்கே போயிற்றோ, இரவுச் சாப்பாடு அவனுக்குப் பாதியாகக் குறைந்தது.

இப்படியே இரண்டு வருடம் போனது. நோட்டு நாலாகிவிட்டது. மனைவி அவற்றைப் பிரித்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, பழுப்புத் துணி அட்டை போட்டுக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாளாகியும் திரும்பி வரவில்லை. கேட்டால், "பசை காயுது" என்றாள்.

பசையெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கதவைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். தோளில் பெரிய துணிப்பை. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார்.

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, கோவப்படாதீங்க. இவங்க அருங்காட்சியகத்துல பறவைப் பிரிவுல இருக்காங்க. பதிவேடு பைண்டு பண்ண எங்க கூடத்துக்கு வந்தாங்க. உங்க நோட்டு மேசை மேல இருந்துச்சு. எடுத்துப் பாத்தவங்க கீழ வெக்கவே இல்ல."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?" பல்லிக்கு முகமெல்லாம் சூடானது. அந்த நோட்டை ரேடியோவுக்குக்கூட அவன் காட்டியதில்லை.

"சார், தப்பு என்னுது. நாந்தான் விடாம வாங்கிட்டுப் போனேன்" என்றார் அந்த அம்மா. தன்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டதிலேயே பல்லியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவர் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பக்கங்களுக்கு நடுவே நிறைய வண்ணச் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மொத்தம் முந்நூத்தி நாப்பது கவிதை எழுதியிருக்கீங்க. செடி, குளவி, மேகம் எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சுட்டேன். செத்த பறவை மட்டும் எத்தனைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பல்லி யோசித்தான். எண்ணியதே இல்லை. எழுதும்போது ஒவ்வொன்றும் ஒன்றாகத்தான் இருந்தது. "ஒரு நாப்பது, அம்பது இருக்கும்."

"இருநூத்திப் பதினாலு."

பல்லி மனைவியைப் பார்த்தான். அவளுக்கும் அது புதுச் செய்தி. தண்ணீர் கொண்டுவந்த டம்ளர் கையிலேயே நின்றது.

"அதுல நூத்தி எழுபத்தியொண்ணு வடக்குப் பக்கம்" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "மழை முடிஞ்ச ரெண்டு மாசம், அப்புறம் வெயில் தொடங்குற ஒரு மாசம். பறவைங்க கூட்டமா ஊர் விட்டு ஊர் போற சமயம். நீங்க தேதி, பக்கம், மாடி எல்லாம் எழுதினதாலதான் இது தெரியுது. பேரு எழுதலை, ஆனா கால் நெறம்கூட எழுதியிருக்கீங்க. பாதிக்கு மேல என்ன பறவைன்னு கண்டுபிடிச்சுட்டேன்." பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து விரித்தார். தொண்டையில் மஞ்சள் பொத்தான் வைத்த பறவை அதில் உயிரோடு கிளையில் உட்கார்ந்திருந்தது. "இது கடலைத் தாண்டி வருது சார். உள்ளங்கையில அடங்கும். மூணு நாள் எங்கயும் உக்காராம பறந்து வந்து, உங்க பூங்காவுல இறங்கப் பாக்குது."

"எங்க பூங்காவுலயா? அப்புறம் ஏன் கண்ணாடியில வந்து மோதுது?"

"கண்ணாடியை அதுக்குத் தெரியாது. உள்ள தெரியுற மரத்தைத்தான் பாக்குது. மரம்னு நெனச்சு முழு வேகத்துல வருது. கண்ணாடி அழுக்கா இருந்தா கொஞ்சம் தப்பிக்கும். எவ்வளவு சுத்தமா இருக்கோ அவ்வளவு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எதிரில் இருப்பவன் யார் என்பது உறைத்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.

பல்லிக்குத் தன் பேச்சே நினைவுக்கு வந்தது. கையை வைத்துப் பார்த்தால்தான் கண்ணாடி இருப்பதே தெரிய வேண்டும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். காப்பிக் கதையை எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறான். தன் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். அவை வேறு யாருடையவோபோல இருந்தன.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றார் அந்த அம்மா.

"துடைச்சது நான்தானே" என்றான் பல்லி.

திங்கட்கிழமை அவன் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கட்டடத்துக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை. வடக்குப் பக்கத்து நடைபாதையில் பெருக்கும் அக்கா மட்டும் வேலை செய்துகொண்டிருந்தாள். இத்தனை வருடமாக ஒரே கட்டடம். ஆனால் அவன் வருவதற்குள் அவள் வேலையை முடித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுடைய தள்ளுவண்டியில் ஒரு வாளி இருந்தது. பல்லி எட்டிப் பார்த்தான். உள்ளே ஐந்து பறவைகள். ஒன்றின் சிறகு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, காற்றில்தான்.

"அக்கா, இது என்ன?"

"பாத்தா தெரியலையா தம்பி? தெனம் இருக்குறதுதான். இப்ப சீசன். நேத்து ஏழு."

"தெனமுமா?"

"எட்டு வருஷமா அள்ளுறேன். ஆபீஸ்காரங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு உத்தரவு. பாத்தா மனசு கஷ்டப்படுவாங்களாம்." அவள் துடைப்பத்தை வண்டியில் சாய்த்தாள். "என் மனசைப் பத்தி யாரும் கேக்கலை. மொத வருஷம் அழுவேன். அப்புறம் வாளியைப் பாக்காம அள்ளக் கத்துக்கிட்டேன்."

பல்லி நடைபாதையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். இருநூற்றுப் பதினான்கு என்பது விளிம்பில் தங்கியவை மட்டும். சாண் அகலத்தில் எத்தனைதான் தங்கும்? மற்றதெல்லாம் நேரே கீழே வந்திருக்கிறது. அவன் மேலே மூன்று வரி எழுதிக்கொண்டிருந்தபோது கீழே வாளி நிறைந்துகொண்டிருந்தது. அக்கா பதறிப்போய்த் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "என்ன தம்பி, மயக்கமா? பேயைப் பாத்தவன் மாதிரி இருக்கே."

அன்று வடக்குப் பக்கம் இறங்கும் முறை. பல்லி இறங்கினான், சோப்புத் தண்ணீர் அடித்தான், ஆனால் வைப்பரை எடுக்கவில்லை. குச்சத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அப்படியே காயவிட்டான். வெயில் ஏற ஏறக் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சோப்புக் கறை திரண்டது. உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, கையால் துடைக்கிற மாதிரி சைகை காட்டினார். பல்லி தலையை ஆட்டினான், இல்லை என்று.

"அண்ணே, கீழயிருந்து போன் மேல போன் வருது! என்ன பண்றீங்க? ஒப்பந்தக்காரர் குதிக்குறாரு!" என்று ரேடியோ கத்தினான்.

"நோட்டு என் பையில இருக்கு. எடுத்துப் படி. படிச்சுட்டுப் பேசு" என்றான் பல்லி.

அரை மணி நேரம் வாக்கியில் சத்தமே இல்லை. பதினாறு வருடப் பழக்கத்தில் பல்லி அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. கடைசியில் ரேடியோ கேட்டான்: "அண்ணே, இதெல்லாம் நிஜமாவா?"

மூன்று நாளில் ஐந்து மாடி கறையானது. நாலாம் நாள் ஒப்பந்தக்காரர் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். அன்றே கட்டட மேலாளரும் அவனை நேரில் பார்க்க வேண்டும் என்றார். மேலாளரின் அறை வடக்குப் பக்கம், நாலாவது மாடி. கறாரான அம்மா. பத்து வருடமாக அதே அறை. பல்லி கண்ணாடிக்கு வெளியே இருந்து அவருடைய பின்தலையை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

"இருபது வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை பாத்தவர் நீங்க. திடீர்னு என்ன வந்தது? வேணும்னே அழுக்காக்கியிருக்கீங்க" என்றார்.

பல்லி வீட்டிலிருந்து நிறையப் பேச்சு தயார் செய்துகொண்டு வந்திருந்தான். எல்லாம் மறந்துபோனது. நோட்டைத் திறந்து வாசிக்கத் தொடங்கினான். தேதி. வடக்கு. நாலாவது மாடி. மூன்று வரி. அடுத்த தேதி. வடக்கு. நாலாவது மாடி. மூன்று வரி. முதலில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு கட்டத்தில் பொறுமை போய், "இதுக்கும் எனக்கும் என்ன…" என்று தொடங்கினார்.

அப்போது அவருக்குப் பின்னால் டொம்மென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பக்கத்து அறையில் யாரோ புத்தகத்தைக் கீழே போட்டதுபோல. அந்த அறையின் கண்ணாடிக்குப் பல்லி இன்னும் சோப்பு பூசியிருக்கவில்லை.

மேலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏசி குழாய்" என்றார்.

பல்லி கண்ணாடியைப் பார்த்தான். அவன் பார்வையைப் பின்தொடர்ந்து அவரும் மெல்லத் திரும்பினார். கண்ணாடியில் வெள்ளைத் தூளில் ஒரு சிறகு, பாதி. எழுந்து கண்ணாடிக்கு அருகில் போய்க் கீழே விளிம்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"பத்து வருஷமா இந்தச் சத்தத்தைக் கேக்கறேன்" என்றார். குரல் அவருடையதுபோல இல்லை. "ஏசி குழாய் விரியுது, சுருங்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு தடவை ஆள் விட்டுக் குழாயை மாத்தச் சொன்னேன். சில நாள் ஒரு மணி நேரத்துல நாலு தடவை கேக்கும். நான்… அப்பல்லாம் நான் கையெழுத்துப் போட்டுட்டு இருந்தேன்."

பல்லிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருடைய முகத்தில் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை தன் முகத்தில் இருந்ததுதான் என்று தெரிந்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. அருங்காட்சியகத்து அம்மா வந்து கணக்கைக் காட்டி, பறவைக்குக் கண்ணாடி தெரியும்படி அதில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டச் சொன்னார். கூட்டம் போட்டார்கள். பூங்காவைப் பார்க்கத்தான் இங்கே இடம் பிடித்தோம், கண்ணாடியில் புள்ளி வைத்தால் அழகு கெடும் என்று சில அலுவலகங்கள் சண்டை பிடித்தன. மேலாளர் தன் அறைக் கண்ணாடியில் முதலில் ஒட்டச் சொன்னார். கடைசியில் வடக்குப் பக்கம் கீழ் ஏழு மாடிக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மரங்கள் தெரிவது அந்த உயரம்வரைதான். ஒப்பந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பல்லியை வேலைக்குத் திருப்பி எடுத்தார். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் புள்ளி ஒட்ட வேறு யாருக்கும் பொறுமை இல்லை. நாலு விரல் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள். ஒட்டி முடிக்க ஏழு வாரம் ஆனது. ஒரு புள்ளி கோணலாகப் போனாலும் பிரித்து மறுபடி ஒட்டினான்.

அடுத்த சீசனில் அக்காவும் அவனும் சேர்ந்து எண்ணினார்கள். அக்கா இப்போது வாளியைப் பார்த்துத்தான் அள்ளினாள்; ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, தேதி போட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். இரண்டு மாதத்தில் கீழே பதினேழு, விளிம்பில் ஆறு. ரேடியோ அதைக் கேட்டுத் துள்ளினான். பல்லியால் துள்ள முடியவில்லை. இருபத்து மூன்றும் இருபத்து மூன்று தனித்தனிப் பறவைகள். ஏழாவது மாடிக்கு மேல் இன்னும் வெறும் கண்ணாடிதான். பேருந்தில் போகும்போது நகரத்தில் எத்தனை கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன என்று புதிதாகப் பார்த்தான். நிறுத்தம் வருவதற்கு முன்பே சில நாள் இறங்கிவிடுவான். அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் ஆளை அண்ணாந்து கூப்பிட்டு, "தம்பி, விளிம்புல பறவை கிடக்குதா?" என்று கேட்பான். சிலர் சிரித்தார்கள். சிலர், "ஆமா அண்ணே, அதுக்கென்ன?" என்றார்கள். இரண்டு பேர் இப்போது எழுதி வைக்கிறார்கள். கவிதையெல்லாம் இல்லை, வெறும் எண்தான்.

சென்ற மாதம் ஒரு காலை அக்கா ஓடிவந்தாள். கையில் துணி. "தம்பி, இது சாகலை!"

துணிக்குள் ஒரு பறவை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மோதிய வேகத்தில் மயங்கியிருந்தது. அருங்காட்சியகத்து அம்மா சொல்லிக் கொடுத்தபடி ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, மூடி, இருட்டில் விட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கீறுகிற சத்தம் கேட்டது. ரேடியோவையும் சேர்த்து மூன்று பேரும் பெட்டியைப் பூங்காவுக்குத் தூக்கிப்போனார்கள். பல்லி மூடியைத் திறந்தான். பறவை பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. தலையைத் திருப்பி ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது. பல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினான்.

"எழுதிட்டீங்களா அண்ணே?" என்று ரேடியோ கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்ததும் அதுதான் முதல் முறை.

"ஒரு வரி."

"மிச்சம் ரெண்டு?"

பல்லி நிமிர்ந்து பார்த்தான். பெட்டியின் விளிம்பு காலியாக இருந்தது. மேலே ஒரு கிளை ஆடிக்கொண்டிருந்தது.

"பறந்து போச்சு" என்றான்.

அக்கா பெட்டியை மடக்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டாள். சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.